படம் பிடிக்க ஆள் வேண்டாம்

மே 3, சனி

வாழைக்காய் மண்டிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாளும் கடையில் ஈ விரட்டிக்கொண்டு கிடந்தது. இன்றைக்குத்தான் எழுத ஒரு விஷயம் கிடைத்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விடவில்லை, அதன் வாசலிலேயே பத்து வருஷம் பழம் விற்றேன். அதனால் எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

விஷயம் இதுதான். மகள் இந்துமதி சென்னையிலிருந்து போன் பண்ணினாள். மாப்பிள்ளை ஜெயபாலனுக்குக் கம்பெனியில் தீம் பார்க் டிக்கெட் கொடுத்திருக்கிறார்களாம். இருபத்தைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

"அப்பா, நீங்களும் வரணும். அம்மாவும் வாராங்க."

"ஒங்கம்மா ஏறுனா ராட்டினத்துக்கு கரண்டு பத்தாதேட்டி."

இந்துமதி சிரித்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். செல்லக்கனி சிரித்தாளா என்று தெரியவில்லை.

செல்லக்கனி என் வீட்டுக்காரி. போன வருஷம் பங்குனியில் மகளுக்குப் பிரசவம் பார்க்கச் சென்னைக்குப் போனாள். பேத்தி மிதுனா பிறந்தாள், தவழ்ந்தாள், இப்போது நடக்கிறாள். பிரசவம் பார்க்கப் போனவள்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மகள் வேலைக்குப் போகிறாளே, பிள்ளைக்கு ஆள் வேண்டாமா.

எனக்கென்ன, பாளையங்கோட்டை ராஜா மாதிரி இருக்கிறேன். கேட்க ஆளில்லை. நேற்று வீட்டுப் பல்லியிடம் "சாப்ட்டியா" என்றேன். அது மட்டும் உச்சுக்கொட்டியது.

மே 5, திங்கள்

ஒரு யோசனை. எங்கள் குடும்பப் படம் எதிலும் நான் இல்லை. படம் எடுக்கிறவன் நானாக இருந்தால் எப்படி இருப்பேன்? கேமராவை ஒரு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நானும் போய் அவள் பக்கத்தில் நின்றால் என்ன? படம் எடுத்த கையோடு, "கிளம்பு, வீட்டுக்குப் போவோம்" என்று சொல்லிவிடலாம். அப்படி ஒரு நேரத்தில் சொன்னால் லேசாகச் சொல்லிவிடலாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிரசவம் பார்க்க வேற்றூர் போன பொம்பளையை வீட்டுக்காரன் நேரில் போய், வா என்று வாய்விட்டுக் கூப்பிட்டுத்தான் கொண்டுவர வேண்டும். தானாக மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தால் மரியாதை இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து அவளுக்கு நான் வெற்றிலை பாக்கு வைக்க வேண்டுமாக்கும். அவளே வந்தால் கதவு என்ன கடிக்கவா செய்யும்.

ஸ்டாண்டு பற்றி மைதீனிடம் கேட்க வேண்டும். எனக்குப் பக்கத்துக் கடை, செல்போன் சாமான் விற்கிறான்.

மே 6, செவ்வாய்

மைதீன் கேட்ட முதல் கேள்வியிலேயே விழுந்துவிட்டேன்.

"போனுக்கா கேமராவுக்கா அண்ணாச்சி?"

"மாப்பிள்ளை ஒரு சின்னக் கேமரா வச்சிருக்காரு."

"அப்போ அடியில மரை இருக்கான்னு கேளுங்க. மரை இருந்தாத்தான் ஸ்டாண்டு ஏறும்."

எல்லாக் கேமராவிலும் இருக்கும் என்று அவனே பிறகு சொன்னான். இருந்தாலும் கேட்பது நல்லதுதானே. மத்தியானம் போன் போட்டேன். செல்லக்கனிதான் எடுத்தாள்.

"கேமராவ எடுத்துக் குப்புறப் போடு."

"எதுக்கு?"

"போடேன்."

"போட்டுட்டேன்."

"அடியில ஓட்டை இருக்கா?"

"இருக்கு. உள்ள மரை மாதிரி வளையம் வளையமா போவுது."

"விரல விட்டுப் பாரு."

"சுண்டுவிரல்கூட போவல. பக்கத்துல பேட்டரி மூடி இருக்கு, அத மறைக்காம பாத்துக்கிடுங்க."

எனக்கு ஆச்சரியம். மிக்ஸியைப் போடவே என்னைக் கூப்பிடுகிறவள்.

"ஒனக்கு எப்படிட்டீ தெரியும்?"

"மிதுனாவ நான்தான எடுக்கேன். மாப்ள சொல்லிக் குடுத்தாரு."

ரொம்ப நேரம் பேசினாள். வாடிக்கையாளர் ஒருத்தர் ரெண்டு சீப்பு கற்பூரவள்ளியை எடுத்துக்கொண்டு, காசைத் தட்டில் போட்டுவிட்டுப் போனதைக்கூட அப்புறம்தான் பார்த்தேன்.

மே 9, வெள்ளி

மைதீன் ஒரு நீளக் கம்பைக் காட்டினான். இழுத்தால் நீளும், அமுக்கினால் குறுகும். தெருநாயை விரட்டவும் ஆகும் என்று எனக்குப் பிடித்துப்போனது. "தீம் பார்க்ல கம்ப வாசல்லயே பிடுங்கி வச்சிருவாங்க அண்ணாச்சி" என்று அவனே குழப்பிவிட்டான்.

பார்க்குக்கே போன் பண்ணினேன். ஒரு பொம்பளை குரல் தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். அதற்குப் பிறகும் அழுத்து அழுத்து என்றே சொல்லிக்கொண்டிருந்தது. "ஏம்மா, நீ வேலை பாக்குதியா, என் கையில பாக்க வைக்கியா" என்று கேட்டேன். பாட்டுப் போட்டுவிட்டது. கடைசியில் ஒரு தம்பி வந்தான். கம்பு கூடாது, பெரிய முக்காலி கூடாது, பைக்குள் அடங்கும் சின்ன ஸ்டாண்டு என்றால் பரவாயில்லை, ராட்டினத்தில் மட்டும் கொண்டு ஏறக் கூடாது என்றான். வீட்டில் யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டான். எல்லாரையும் சொன்னேன், ஆள் ஆளாக. "டிக்கெட்டுக்குக் கேட்டேன் சார், எண்ணிக்கை போதும்" என்றான்.

மே 13, செவ்வாய்

சின்ன ஸ்டாண்டில் மூன்று தினுசு.

முதலாவது உள்ளங்கையில் அடங்கும். மூன்று குட்டிக் கால். மேசையில் வைக்கலாம். பார்க்கில் மேசைக்கு எங்கே போவது? தரையில் வைத்தால் கேமரா எல்லாரையும் கீழேயிருந்து பார்க்கும்.

ரெண்டாவது இடுப்பு உயரம் நீளும். கால் அகத்திக் குச்சி மாதிரி. கடை ஃபேன் காற்றுக்கே ஆடியது. தண்ணீர் விளையாட்டுப் பக்கம் காற்று எப்படி அடிக்குமோ.

மூன்றாவது வேறு மாதிரி. கால் மூன்றும் ரப்பர் உருண்டை உருண்டையாக, எப்படி வேண்டுமானாலும் வளையும். கம்பியில், கிளையில், எதிலும் பாம்பு மாதிரி சுற்றிக்கொள்ளும். மைதீன் கடையில் அதில் ரெண்டு இருந்தது. ரெண்டையும் தார் தொங்கவிடும் என் கம்பியில் சுற்றி, கேமராவுக்குப் பதில் ஆளுக்கு ஒரு நேந்திரம் பழத்தைக் கட்டினேன். மலிவானது சாயங்காலத்துக்குள் மெல்ல மெல்லக் குனிந்து பழத்தைத் தரையில் வைத்துவிட்டது. இன்னொன்று அப்படியே நின்றது. வந்தவர்கள் எல்லாம் என்ன அண்ணாச்சி, பழத்தைப் படம் எடுக்கிறீர்களா என்றார்கள். "பழம் என்னைய எடுக்குது" என்றேன்.

செல்லக்கனிக்குப் போன் பண்ணி மூன்றையும் விளக்கினேன். தரை ஸ்டாண்டு ஏன் ஆகாது என்றும் சொன்னேன். "கீழ இருந்து எடுத்தா ஒனக்கு வாய்க்குக் கீழ மூணு நாடி தெரியும். மூணையும் கழுவிட்டு வரணும்."

"சரி. பிள்ளை அழுது, வைக்கேன்" என்றாள்.

பிள்ளைச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. உள் அறையில் அழுதிருக்கும்.

மே 14, புதன்

மழை. வியாபாரம் இல்லை. சோறு மிஞ்சியது.

மே 16, வெள்ளி

நின்ற ஸ்டாண்டையே வாங்கிவிட்டேன். மைதீன் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டே கேட்டான்: "மதினி எப்ப வாராங்க அண்ணாச்சி? கடைப்பக்கம் அவங்க சத்தமே இல்லாம என்னமோ மாதிரி இருக்கு."

தை மாசமே வந்திருக்க வேண்டியவள். பேத்திக்குக் காதுகுத்து சென்னையில் மண்டபம் பிடித்து நடந்தது. மறுநாள் என்னோடு கிளம்ப செல்லக்கனி பெட்டி கட்டி வைத்திருந்தாள். அந்தக் காதுகுத்துக் கதையை மைதீனுக்குச் சொன்னேன். எல்லாரும் மேடையில் படத்துக்கு நிற்கிறார்கள், இவள் ஓரத்தில் நிற்கிறாள். போட்டோக்காரர் பக்கத்தில் நின்று நான் சத்தமாக, "ஏய், அவள ஓரத்துல நிறுத்தாதீங்க, மேடை சாஞ்சிரும்!" என்றேன். மண்டபமே உருண்டது. சம்பந்தியம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். என் வாழ்நாளில் அப்படி ஒரு கைதட்டு வாங்கியதில்லை.

"மதினியும் சிரிச்சாங்களா?" என்றான் மைதீன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்கியிருப்பாள். அன்றைக்கு ராத்திரி பிள்ளைக்குச் சளி பிடித்துவிட்டது, பெட்டியைப் பிரித்துவிட்டாள். நான் மட்டும் வந்தேன்.

மைதீன் சிரிக்காமல் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தான். அவனுக்கு நகைச்சுவை கொஞ்சம் மட்டு.

மே 20, செவ்வாய்

வீட்டில் ஒத்திகை பார்த்தேன். ஜன்னல் கம்பியில் ஸ்டாண்டைச் சுற்றி, என் போனை ஒரு பிடிப்பானில் மாட்டி, பத்து எண்ணும்வரை காத்திருக்கும்படி வைத்தேன். ஓடிப்போய்ச் சுவரோரம் நின்றேன். முதல் படத்தில் முதுகு. அடுத்ததில் பாதி ஆள். அப்புறம் சரியாக விழுந்தேன். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு நின்றிருக்கிறேன். வீடு பெரிதாகத் தெரிகிறது படத்தில்.

என்ன சொல்ல வேண்டும் என்றும் ஒத்திகை பார்த்தேன். அதை எழுத வேண்டியதில்லை.

மே 25, ஞாயிறு

பார்க்கிலிருந்து மகள் வீட்டுக்கு வந்துவிட்டோம். எல்லாரும் களைத்துப் படுத்துவிட்டார்கள். நான் திண்டாடித் திண்டாடி எழுதுகிறேன், ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

வாசலில் பையைச் சோதித்தார்கள். ஸ்டாண்டை எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை, "சூப்பர் மாமா, எங்க வாங்கினீங்க" என்றார். மூன்று வாரக் கதை அது, சுருக்கிச் சொன்னேன்.

மகளும் மாப்பிள்ளையும் பெரிய ராட்டினத்துக்கு வரிசையில் போனார்கள். செருப்பு, பை, பிள்ளை எல்லாவற்றோடும் நானும் செல்லக்கனியும் ஒரு வேப்பமரத்தடி பெஞ்சில். மிதுனா அவள் மடியில் தூங்கிவிட்டாள். செல்லக்கனி இளைத்திருக்கிறாள். புதுச் சேலை, அரக்குக் கலர். ரொம்ப நேரம் ரெண்டு பேரும் மேலே தலைகீழாகத் தொங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வீடு எப்படி இருக்கு?" என்றாள்.

"வீட்டுக்கென்ன. நீ இல்லாம அமைதியா இருக்கு. ராஜா மாதிரி இருக்கேன்."

"சோறு?"

"மைதீன் கடை பக்கம் புதுசா ஒரு மெஸ் வந்திருக்கு. ஒன் கை ருசியே மறந்துபோச்சுன்னா பாத்துக்கோ."

"நல்லது" என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாயில் வந்துவிட்டது. பாப்கார்ன் விற்கிறவன் குறுக்கே வந்தான். அவன் போன பிறகும் நேரம் இருந்தது.

மத்தியானம் செயற்கை அருவிப் பக்கம் படம். கைப்பிடிக் கம்பியில் ஸ்டாண்டைச் சுற்றினேன். கல்லு மாதிரி நின்றது. மாப்பிள்ளை கேமராவில் நேரத்தைத் திருகிவிட்டு ஓடி வந்தார். நான் செல்லக்கனி பக்கத்தில் நின்றேன். கேமராவுக்குப் பின்னால் யாரும் இல்லை. அது ஒரு சிவப்பு விளக்கை அணைத்து அணைத்துக் காட்டியது. எல்லாரும் அதையே பார்த்தோம். செல்லக்கனி முந்தானையை இழுத்துவிட்டு நேராக நின்றாள். அவள் சேலை என் கையில் உரசியது. யாரும் பேசவில்லை. அந்த அமைதி எனக்கு என்னமோ செய்தது.

"செல்லக்கனி, வயித்த எக்கு, கேமரா பயந்துரப் போவுது" என்றேன்.

படம் விழுந்துவிட்டது. மகளும் மாப்பிள்ளையும் சிரிக்கிறார்கள். நான் நன்றாக விழுந்திருக்கிறேன். செல்லக்கனி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாள்.

"இன்னொண்ணு எடுப்போம் அத்தை" என்றார் மாப்பிள்ளை.

"போதும்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அவ்வளவுதான். மற்றபடி நல்ல நாள். வெயில் அதிகம்.

மே 26, திங்கள்

ஊர் வந்துவிட்டேன். ஸ்டாண்டு வரவில்லை. கிளம்பும்போது செல்லக்கனி வாசல்வரை வந்து, "அத இங்க வச்சுட்டுப் போங்க" என்றாள். என்னிடம் அவள் எதுவும் கேட்டு ரொம்ப நாளாகிறது. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

தீம் பார்க் படத்தைப் பிரிண்ட் போட்டு வாங்கி வந்தேன். வைக்க இடம் தேடிப் பழைய படங்களை எடுத்துப் போட்டேன். இந்துமதி வயசுக்கு வந்தது, திருச்செந்தூர் போனது, கல்யாணம், வளைகாப்பு. ஒவ்வொன்றிலும் செல்லக்கனி ஒருத்தர் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள், இல்லையென்றால் கை வாயில். பல்வலிக்காரி மாதிரி. எல்லாம் நான் எடுத்தது. எடுக்கும்போது எதில் என்ன சொன்னேன் என்றுகூட நினைவிருக்கிறது. திருச்செந்தூரில் சொன்னது நல்ல ஜோக். இப்போது சொல்லிப் பார்த்தேன். வீட்டில் சிரிக்க ஆளில்லாததால் எடுபடவில்லை.

ஜூன் 4, புதன்

மாந்தோப்புக்காரன் மாம்பழம் இறக்கினான். பாதி அழுகல். சண்டை போடத் தோன்றவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மத்தியானம் போனில் ஒரு படம் வந்தது. செல்லக்கனி, இடுப்பில் மிதுனா. மகள் வீட்டுப் பால்கனி, பின்னால் துணி காய்கிறது. செல்லக்கனி நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். கை வாயில் இல்லை. ஒரு கை பிள்ளையைப் பிடித்திருக்கிறது, இன்னொன்று சும்மா தொங்குகிறது. அவளுக்கு மேல்பல் ஒன்று மற்றதன்மேல் லேசாக ஏறியிருக்கும். அது எனக்கு மறந்தே போயிருந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது கடைசியாகப் பார்த்ததோ என்னவோ.

இந்துமதியிடம் கேட்டேன், யார் எடுத்தது என்று.

"அம்மாவே எடுத்துக்கிட்டாங்கப்பா. நாங்க வெளிய போயிருந்தோம். அந்த ஸ்டாண்ட பால்கனிக் கம்பியில மாட்டி வச்சு, எத்தனையோ எடுத்திருக்காங்க. எல்லாத்துலயும் இப்படித்தான் சிரிச்சிட்டு நிக்காங்க."

மைதீனிடம் காட்டினேன். "மதினிக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமா!" என்றான்.

செல்லக்கனிக்குப் பதில் அனுப்ப வேண்டும். எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும் என்று பேசி அனுப்ப நினைத்தேன். போனை வாயருகே வைத்து, "கேமரா இன்னும் உசுரோட இருக்கா" என்றேன். அனுப்பவில்லை, அழித்தேன். "பல்ல எண்ணிட்டேன், ஒண்ணு கூடுதலா இருக்கு" என்றேன். அதையும் அழித்தேன். மூன்றாவதுக்கு ஒன்றும் வரவில்லை. ஐம்பத்திரண்டு வயசில் முதல் தடவையாக எனக்கு ஒன்றும் வரவில்லை.

கடைசியில் 'நல்லாருக்கு' என்று எழுதி அனுப்பினேன். ஒற்று விட்டுப்போயிருந்தால் போகட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் கடை திறக்கும் முன்னால் போன் பண்ணினேன். கேட்க ஸ்டாண்டும் இல்லை, கேமராவும் இல்லை.

"என்ன, காலங்காத்தால?" என்றாள்.

"எப்ப வருவ?"

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"செல்லக்கனி, வீட்டுக்கு வாயேன்."

"இப்பதான கேக்கீய" என்றாள். குரல் கோபமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. ராஜா மாதிரி இருக்கேன், ராஜா மாதிரி இருக்கேன்னுதான் சொன்னீய. ராஜாவா இருக்கவர நான் எதுக்கு வந்து கெடுக்கணும்?"

"அது சும்மா சொன்னது."

"எல்லாம் சும்மாதான் சொல்லுவீய."

ஒரு ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"சரி, இப்ப வான்னு சொல்லுதேன்லா."

"போன்ல சொன்னா வர மாட்டேன்" என்றாள். "நாலு பேரு முன்னால என்னைய வச்சுச் சிரிச்சீயல்லா. நாலு பேரு முன்னால கூப்பிடுங்க. மாப்ள இருக்கணும், எங்க சம்பந்தியம்மா இருக்கணும். நேர்ல வந்து, என் பேரச் சொல்லிக் கூப்பிடணும். பின்னாலயே ஒரு ஜோக்கு வந்துச்சுன்னா, அன்னையோட சரி."

"வருவியா அப்படிக் கூப்ட்டா?"

"கூப்ட்டுப் பாருங்க" என்றாள்.

அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. குக்கர் ரெண்டாவது விசில் அடித்த பிறகுதான் வைத்தாள்.

ஜூன் 11, புதன்

மாப்பிள்ளையிடம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை அவர் அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கு மாமா என்றார். வந்து சொல்கிறேன் என்றேன். ஏதோ வேடிக்கை வைத்திருக்கிறேன் என்று நினைத்து இப்போதே சிரிக்கிறார். அந்த வீட்டில் நான் வாயைத் திறந்தாலே எல்லாரும் சிரிக்கத் தயாராக இருப்பார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

நாளை ராத்திரி ரயில். கடையை மைதீன் பார்த்துக்கொள்கிறான். சாயங்காலம் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன்.

"செல்லக்கனி, வீட்டுக்கு வா."

சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடி சொன்னேன். முடிவில் உதடு கோணியது. மறுபடி. மறுபடி. வெளியே பஸ் போகிற சத்தம் எல்லாம் அடங்கும்வரை நின்றேன்.

கடைசித் தடவை சொன்னபோது சிரிப்பு வரவில்லை. கண்ணாடியில் நின்ற ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த ஆளைத்தான் நாளைக்கு ரயிலேற்ற வேண்டும்.